மனம் மாறும்வரை காத்திருக்க முடியாது: அமெரிக்கப் பணியிடங்களில் இனமும் பாலினமும்

வட கரோலினா மாநிலத்தில் டிரேப்பர் என்ற ஊரில் டியூக் பவர் நிறுவனத்துக்கு ஓர் அனல் மின் நிலையம் இருந்தது. அதில் ஐந்து பிரிவுகள். கறுப்பினத்தவருக்கு ஒன்றில் மட்டும்தான் இடம். கூட்டிப் பெருக்கித் துடைக்கும் 'தொழிலாளர் பிரிவு'. அந்தப் பிரிவில் ஆக அதிகக் கூலி தரும் வேலைக்குக் கிடைத்ததைவிட, மற்ற நான்கு பிரிவுகளில் ஆகக் குறைந்த கூலி தரும் வேலைக்குக் கூடுதலாகக் கிடைத்தது. வேலையில் இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. தொழிலாளர் பிரிவு தவிர வேறு எதில் புதிதாகச் சேர்வதென்றாலும் பள்ளியிறுதி முடித்திருக்க வேண்டும், இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும்.

வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் விதி ஒன்றுதான். ஆனால் 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளியிறுதி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பு ஆண்கள் 12 சதவீதம். தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூடங்களையே நிறம் பிரித்து நடத்திய மண் அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படிப்புத் தகுதி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே சேர்ந்துவிட்ட வெள்ளையர் பலர் பள்ளியிறுதி முடிக்காமலேயே அந்தப் பிரிவுகளில் ஒழுங்காக வேலை பார்த்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். அப்படியானால் அந்த வேலைக்கு அந்தப் படிப்பு எதற்கு?

வில்லி கிரிக்ஸும் உடன் வேலைபார்த்த பன்னிரண்டு பேரும் வழக்குப் போட்டார்கள். 1971 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: முதலாளியின் உள்நோக்கம் நல்லதா கெட்டதா என்பது மட்டும் கேள்வியல்ல, ஒரு விதி ஓர் இனத்தாரைக் கூட்டமாக வெளியே தள்ளுகிறது, அந்த வேலைக்கும் அந்த விதிக்கும் தொடர்பைக் காட்ட முடியவில்லை என்றால் அந்த விதி செல்லாது.

பணியிட சமத்துவம் பற்றிய அறுபதாண்டு ஆராய்ச்சியை, வழக்குகளை, நிறுவனங்களின் முயற்சிகளை ஒருசேரப் பார்க்கும்போது இந்தத் தீர்ப்பின் தெளிவுக்கே திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. ஏற்றத்தாழ்வு முதலில் குடியிருப்பது மேலாளரின் நெஞ்சில் அல்ல; ஆள் எடுக்கும் விதத்தில், சம்பளம் நிர்ணயிக்கும் விதத்தில், யாரை மேலே அனுப்புவது என்று மூடிய அறைக்குள் பேசும் விதத்தில். அந்த முறைகளை மாற்றி, மாற்றத்துக்கு இன்னார் பொறுப்பு என்று வைத்த இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது. மனங்களை மாற்றுகிறோம் என்று கிளம்பிய இடங்களில் பெரும்பாலும் கிடைக்கவில்லை. நிறுவனங்கள் ஆர்வத்தோடு பணத்தைக் கொட்டியதோ இரண்டாவதற்கு.

சட்டங்கள் தானாக வந்துவிடவில்லை. ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்துப் பயணிகளுக்கு ஏவல் செய்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்துவோம் என்று 1941இல் அவர் நெருக்கிய பிறகுதான், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1963இல் வந்தது. அடுத்த ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம். அதன் வேலைவாய்ப்புப் பகுதியில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு என்றுதான் முதலில் இருந்தது. 'பாலினம்' என்பதைச் சேர்க்கச் சொன்னவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். குடிமை உரிமைகள் சட்டத்தையே எதிர்த்தவர். அவர் திருத்தம் கொண்டுவந்தபோது அவையில் சிரிப்பு எழுந்தது. மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, இந்தச் சிரிப்பே பெண்களை இந்த நாடு எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி என்ற பொருளில் பேசி அந்தத் திருத்தத்தைத் தனதாக்கிக்கொண்டார். கறுப்பினப் பெண் வழக்கறிஞர் பாலி மர்ரி, இந்தச் சொல் இல்லாவிட்டால் கறுப்பினத்தவரில் பாதிப் பேருக்கு நியாயம் கிடைக்காது என்று வாதிட்டுக் குறிப்பு எழுதி அனுப்பினார். பிறகும் சில ஆண்டுகள் நாளிதழ்களில் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று வேலை விளம்பரங்கள் தனித்தனிப் பத்திகளில்தான் வந்துகொண்டிருந்தன.

பாலி மர்ரி அஞ்சியது எவ்வளவு சரி என்பதை 1976இல் வந்த ஒரு தீர்ப்பு காட்டியது. செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்கு எதிராக எம்மா டீகிராஃபென்ரீடும் வேறு சில கறுப்பினப் பெண்களும் தொடுத்த வழக்கு அது. சட்டம் வருவதற்கு முன்பு அந்த ஆலை கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை என்று சொல்லலாம். பிறகு எடுத்தது. 1970களின் மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற பணிமூப்பு விதிப்படி அவர்கள் மொத்தமாக வேலையிழந்தார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பல ஆண்டுகளாகப் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால், கறுப்பினத்தவர் தொடுத்திருக்கும் இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் அலுவலக வேலைக்கு வந்த வெள்ளைப் பெண்கள். ஆலைக்குள் இருந்த கறுப்பர்கள் ஆண்கள். இரண்டு கணக்கிலும் கறுப்பினப் பெண் காணாமல் போனாள். சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை எடுத்து அலசித்தான், ஒருவர்மீது பல ஒடுக்குமுறைகள் ஒரே இடத்தில் வந்து மோதுவதை விளக்கும் தன் புகழ்பெற்ற கோட்பாட்டை முன்வைத்தார். தலித் பெண்களின் நிலையைப் பற்றி நம்மிடையே நடக்கும் விவாதங்களைப் பின்தொடர்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 'பெண்கள் இத்தனை சதவீதம், சிறுபான்மையினர் இத்தனை சதவீதம்' என்று எந்த நிறுவனமாவது அறிக்கை வெளியிட்டால் நான் முதலில் தேடுவது இரண்டும் சந்திக்கும் கட்டத்தைத்தான். பல அறிக்கைகளில் அந்தக் கட்டமே இருக்காது.

மேல்தட்டில் கதவு அடைபடும் விதம் வேறு. ஆன் ஹாப்கின்ஸ் வாஷிங்டனில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்கியல் நிறுவனத்தில் வேலைபார்த்தவர். வெளியுறவுத் துறையிடமிருந்து ஏறத்தாழ 2.5 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தவர். 1982இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். நிறுவனத்தில் அப்போதிருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் ஏழு பேர். அவருக்குப் பதவி தராமல் ஒத்திவைத்தார்கள். ஏன் என்று கேட்டபோது அவருக்கு ஆதரவாக இருந்த ஒருவரே சொன்ன யோசனை: நடையிலும் பேச்சிலும் உடையிலும் இன்னும் கொஞ்சம் பெண்மை வேண்டும், ஒப்பனை செய்துகொள், முடியை அலங்கரித்துக்கொள், நகை போட்டுக்கொள். கண்டிப்பாகப் பேசும் ஆண் தலைவன், அதே கண்டிப்போடு பேசும் பெண் அடங்காதவள். 1989இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பார்வையே பாகுபாடுதான் என்று ஏற்றது. அடுத்த ஆண்டு, அவரைப் பங்குதாரராக்கியே தீர வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரும் திரும்பப் போய் ஓய்வு பெறும்வரை அங்கேயே வேலை பார்த்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

லில்லி லெட்பெட்டரின் கதை சம்பளச் சீட்டு பற்றியது. அலபாமா மாநிலம் காட்ஸ்டனில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை மேற்பார்வையாளராக இருந்தார். யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்த எண்களிலிருந்துதான் அவருக்கு உண்மை தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலை பார்த்த ஆண்கள் பதினைந்து பேரில் ஆகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286. ஆக அதிகமாக வாங்கியவருக்கு 5,236. 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளியது. சம்பளத்தைக் குறைத்து நிர்ணயித்த 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம். பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்று பேசவே கூடாது என்றிருந்த இடத்தில் அது எப்படி முடியும்? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பை நீதிமன்றத்திலேயே வாசித்து, இதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது என்றார். 2009 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டம் லெட்பெட்டர் பெயரில் வந்தது. லெட்பெட்டருக்கு அதனால் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. அண்மை ஆண்டுகளில் கொலராடோ, கலிஃபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட மாநிலங்கள், வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இயற்றியிருக்கின்றன. பேரணியோ முழக்கமோ எதுவும் இல்லாத சின்ன விதி. என் கணிப்பில், பல பெரிய திட்டங்களைவிட இது அதிகம் செய்யும்.

இவையெல்லாம் பழைய கதை, இன்று யார் நிறம் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு வாதத்தால் அல்ல, சோதனையால் பதில் சொன்னவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்கா போன பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன். அவரும் மரியான் பெர்ட்ராண்டும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 பயோடேட்டாக்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றேதான். சிலவற்றில் எமிலி, கிரெக் என்று வெள்ளையர் பெயர்கள். சிலவற்றில் லக்கீஷா, ஜமால் என்று கறுப்பினத்தவர் பெயர்கள். வெள்ளைப் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. கறுப்புப் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. 2004இல் வெளியான இந்த ஆய்வில் என்னை அதிகம் பாதித்த முடிவு இன்னொன்று. தகுதி கூடக் கூட வெள்ளைப் பெயர்களுக்கு அழைப்பு நன்றாகவே கூடியது. கறுப்புப் பெயர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. நன்றாகப் படி, தானாக வழி பிறக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமே, அந்த வாக்குறுதியே எல்லோருக்கும் ஒரே அளவில் நிறைவேறவில்லை.

இதற்கு ஓராண்டு முன்பு வெளியான ஆய்வுக்காகச் சமூகவியலாளர் டீவா பேஜர் மில்வாக்கியில் வேலை தேடும் இளைஞர்களாகச் சிலரை நேரிலேயே அனுப்பிப் பார்த்தார். சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பருக்கு 14 சதவீதம்.

அண்மைய ஆய்வு ஒன்று இந்தச் சித்திரத்துக்கு முக்கியமான ஒரு திருத்தம் தருகிறது. பேட்ரிக் கிளைன், எவான் ரோஸ், கிறிஸ்டோஃபர் வால்டர்ஸ் மூவரும் நாட்டின் ஆகப் பெரிய நிறுவனங்களில் 108ஐத் தேர்ந்தெடுத்து 83,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கறுப்புப் பெயர்களுக்கு அழைப்பு குறைவு என்பது மறுபடியும் உறுதியானது. ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி இல்லை. இழந்த வாய்ப்புகளில் ஏறத்தாழ பாதி, ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களிலிருந்தே வந்தது. ஆள் எடுப்பதை ஒவ்வொரு கிளை மேலாளர் கையிலும் விடாமல் தலைமையகத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த நிறுவனங்களில் பாகுபாடு குறைவாகத் தென்பட்டது. அந்தக் கிளைகளில் இருப்பவர்களும் அதே ஊர்க்காரர்கள், அதே சமூகத்தில் வளர்ந்தவர்கள். முறை வேறு, அதனால் விளைவும் வேறு.

இதையெல்லாம் பார்த்த பிறகும் நிறுவனங்கள் முதலில் கையிலெடுப்பது பயிற்சி வகுப்பைத்தான். 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில் நண்பருக்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர் இருவரைக் கடைக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுக் கைது செய்ய வைத்தார்கள். அடுத்த மாதம் நிறுவனம் அமெரிக்கா முழுதும் 8,000க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் மூடி ஊழியர் எல்லோருக்கும் பாகுபாடு பற்றி வகுப்பு நடத்தியது. அதன் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு பிற்பகலில் என்ன மாறும்? ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒன்பது விதமான பயிற்சிகளைச் செய்துபார்த்து, உள்மனச் சாய்வில் உண்டான மாற்றம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ கரைந்துபோனதை 2016இல் வெளியான உளவியல் ஆய்வொன்று காட்டியது.

சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்ட்ரா காலெவும் செய்த வேலை இந்தத் துறையின் அடிக்கல் என்பேன். நூறு பேருக்கு மேல் வேலைபார்க்கும் அமெரிக்கத் தனியார் நிறுவனங்கள் எந்தப் பதவியில் எந்த இனத்தவர், எந்தப் பாலினத்தவர் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசுக்குப் படிவம் தர வேண்டும். 1966இலிருந்து இது நடக்கிறது. அந்தப் படிவங்களையும், எந்த நிறுவனம் எந்த ஆண்டு என்ன திட்டம் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்து, நூற்றுக்கணக்கான நிறுவனங்களில் முப்பதாண்டு மாற்றத்தை அவர்கள் பார்த்தார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி கொடுத்த நிறுவனங்களில் ஐந்து ஆண்டு கழித்து மேலாளர் பதவிகளில் வெள்ளைப் பெண்களின் பங்கு கூடவில்லை. கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் இறங்கியிருந்தது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டதாக மேலாளர்கள் உணர்கிறார்கள், வீம்பு பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். எழுத்துத் தேர்வு வைத்த சில இடங்களில், மேலாளர்கள் தெரிந்தவர்களை விட்டுவிட்டு அயலாருக்கு மட்டும் அதை நடத்தியதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் பயிற்சியை விடுவதில்லை? சட்டப் பேராசிரியர் லாரன் எடல்மனின் ஆய்வுகள் இதற்கு விடை சொல்கின்றன. பயிற்சி நடத்தினோம், கொள்கை ஆவணம் இருக்கிறது, புகார்ப் பெட்டி இருக்கிறது என்று காட்டினால் நீதிமன்றங்கள் அதையே நிறுவனத்தின் நேர்மைக்குச் சான்றாக ஏற்கத் தொடங்கின. விளைவைப் பார்க்காமல் சடங்கைப் பார்த்தன. அந்தச் சடங்கைத்தான் நிறுவனங்கள் கற்றுக்கொண்டன.

டாபின், காலெவ் கண்ட மறுபக்கம் நம்பிக்கை தருவது. பல துறைகளின் மூத்தவர்களைச் சேர்த்து ஒரு குழு போட்டு, எண்களை அவர்கள் முன் வைத்து, எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்ன இடங்களில் மாற்றம் வந்தது. கணக்குக் கேட்க முழுநேரமாக ஒருவரை நியமித்த இடங்களிலும் வந்தது. மூத்தவரையும் இளையவரையும் முறைப்படி இணைத்துவிட்ட வழிகாட்டுத் திட்டங்கள் கறுப்பின, இலத்தீன, ஆசியப் பெண்களைக் குறிப்பிடத்தக்க அளவில் மேலாளர் பதவிக்குக் கொண்டுவந்தன. இவற்றின் சூட்சுமம் எளியது. நாளைக்கு ஒருவர் வந்து, ஏன் இவரை எடுத்தாய், அவரை ஏன் விட்டாய் என்று கேட்பார் எனத் தெரிந்தால் மேலாளர் இன்றைக்கே ஒருமுறை யோசிக்கிறார். அவரை நல்லவராக்க வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியவராக்கினால் போதும். 1990களின் தொடக்கத்தில் டெலாய்ட் கணக்கியல் நிறுவனத்தில் அதன் தலைவர் மைக் குக் செய்தது இதைத்தான். புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், ஆனால் பங்குதாரராகும் முன்பே போய்விடுகிறார்கள். பிள்ளை பெறப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குழு விசாரித்தபோது, போனவர்களில் மிகப் பெரும்பாலோர் வேறு இடங்களில் வேலை பார்ப்பது தெரிந்தது. நல்ல வாடிக்கையாளர்களின் பணிகள் ஆண்களுக்கே போய்க்கொண்டிருந்தன. பணி ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் பார்வையிடத் தொடங்கினார்கள். 2015 வாக்கில் பங்குதாரர்களில் 21 சதவீதம் பெண்கள்.

தலைமை என்றதும் எல்லோரும் உச்சிப் பதவியைப் பார்க்கிறார்கள். உண்மையில் முதல் படியிலேயே வடிகட்டல் நடந்துவிடுகிறது. மெக்கின்ஸியும் லீன் இன் அமைப்பும் வெளியிட்ட 2024 அறிக்கையின்படி, முதல்நிலை மேலாளராக 100 ஆண்கள் உயர்ந்தபோது 81 பெண்களே உயர்ந்தார்கள். கறுப்பினப் பெண்கள் 54. அடியில் இப்படி என்றால் உச்சியில் ஆள் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் ஆகப் பெரிய 500 நிறுவனங்களில் பெண்கள் தலைமை தாங்குபவை பத்தில் ஒரு பங்கு அளவே. முதல் கறுப்பினப் பெண் தலைவர் 2009இல்தான் வந்தார்: ஜெராக்ஸின் அர்சுலா பர்ன்ஸ்.

பர்ன்ஸின் ஏற்றத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பனாமாவிலிருந்து வந்த தாய் தனியாளாக வளர்த்த பெண்; நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பு; இயந்திரப் பொறியியல் படிப்பு; 1980இல் கோடைக்காலப் பயிற்சியாளராக ஜெராக்ஸில் சேர்ந்தார். அந்தத் தசாப்தத்தின் கடைசியில் ஒரு கூட்டத்தில், பன்முகத்தன்மை பேசுவதால் தரம் குறைந்துவிடாதா என்று ஒருவர் கேட்டார். மேடையிலிருந்த மூத்த அதிகாரி வேலண்ட் ஹிக்ஸ் நிதானமாகப் பதில் சொன்னார். அந்தக் கேள்வியை மதித்து ஏன் பதில் சொன்னீர்கள் என்று பர்ன்ஸ் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேட்டுவிட்டார். ஹிக்ஸ் பின்பு கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். அதோடு விடாமல் தொடர்ந்து சந்தித்துப் பேசி, தன் நிர்வாக உதவியாளராகவும் ஆக்கிக்கொண்டார். அங்கிருந்து நிறுவனத் தலைவர் பால் அலேரின் உதவியாளர் பதவி. உச்சியிலிருப்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. ஜெராக்ஸின் தாயகமான ராச்செஸ்டரில் 1964இல் இனக் கலவரம் வெடித்தபின், கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதை நிறுவனம் தன் பொறுப்பாக ஏற்றது. உள்ளே வந்த கறுப்பின ஊழியர்கள் தாங்களே குழுக்கள் அமைத்து, எந்த விற்பனைப் பகுதி யாருக்குப் போகிறது என்று கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பர்ன்ஸின் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. அந்தத் திறமை கண்ணில் படுவதற்கான வழியைப் பலர் இருபது ஆண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலிருந்தே தொடங்கினால் என்ன என்று பார்த்த நாடு நார்வே. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் 40 சதவீதம் பெண்கள் வேண்டும் என்று 2003இல் சட்டம் செய்தது. முன்மொழிந்தவர் கன்சர்வேட்டிவ் கட்சி அமைச்சர் அன்ஸ்கர் கேப்ரியல்சன். தானாகச் செய்யுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், நடக்கவில்லை; இணங்காத நிறுவனத்தைக் கலைக்கலாம் என்று கட்டாயமாக்கியதும் பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்தது 2008 வாக்கில் 40ஐத் தொட்டது. தகுதியான பெண்கள் கிடைக்க மாட்டார்கள் என்ற பயம் பொய்யானது. ஆனால் குழுவில் பெண்கள் வந்ததால் அந்த நிறுவனங்களின் கீழ்மட்டங்களில் வேலைபார்த்த பெண்களின் சம்பளமோ பதவியோ பெரிதாக உயரவில்லை என்று கண்டது பின்னர் வந்த ஆய்வு. செய்தவர்களில் முன்பு சொன்ன மரியான் பெர்ட்ராண்டும் ஒருவர். இயக்குநர் குழுவில் நியாயம் வேண்டும் என்பதே இந்தச் சட்டத்துக்குப் போதுமான காரணம். அது கீழே தானாகக் கசியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தென்னாப்பிரிக்கா இன்னும் கசப்பான பாடம். 1998இலிருந்து பணியிட சமத்துவச் சட்டம் இருக்கிறது, ஆண்டறிக்கை வருகிறது. ஆனாலும் வேலைச் சந்தையில் 8 சதவீதம் அளவே இருக்கும் வெள்ளையர் உயர் நிர்வாகத்தில் 60 சதவீதத்துக்கும் மேல்.

தகுதி என்ற வாதத்துக்கு வருவோம். நம் ஊரில் இட ஒதுக்கீட்டை வைத்து இதைப் பேசிப் பழகியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கத் தனியார் வேலைகளில் நம்முடையதைப் போன்ற ஒதுக்கீடு கிடையாது. 1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்த ஆணை, அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் இலக்கு வைத்து முயல வேண்டும் என்றது. இத்தனை இடம் இன்னாருக்கு என்று சொல்லவில்லை. 'தகுதி மட்டுமே' என்று முழங்குவது தகுதிக்குக் காவலும் அல்ல. எமிலியோ கஸ்தீயா, ஸ்டீஃபன் பெனார்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட சோதனையில், தங்கள் நிறுவனம் தகுதிக்கே மதிப்பளிக்கிறது என்று வலியுறுத்திச் சொல்லப்பட்ட மேலாளர்கள், ஒரே அளவு உழைத்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊக்கத்தொகை பிரித்தபோது ஆணுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தான் நடுநிலையானவன் என்ற நிம்மதி கண்ணை மறைத்துவிடுகிறது. பின்னர் கஸ்தீயா ஒரு பெரிய நிறுவனத்தில் இதற்கு மருந்தையும் கண்டார்: ஊதிய உயர்வின் அளவுகோலை வெளிப்படையாக்கி, முடிவுகளைச் சரிபார்க்க ஒரு குழுவை வைத்ததும் இடைவெளி சுருங்கியது.

2020 மே மாதம் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பின் அமெரிக்க நிறுவனங்கள் வாக்குறுதிகளை அள்ளி வழங்கின. ஐந்தே ஆண்டில் காற்று திரும்பியது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜான்சனின் ஆணையை டிரம்ப் 2025 ஜனவரி 21 அன்று ரத்து செய்தார். மெட்டா, வால்மார்ட், டார்கெட் போன்றவை தங்கள் திட்டங்களைச் சுருக்கின. காஸ்ட்கோ மறுத்தது, அதன் திட்டங்களைக் கேள்விக்குள்ளாக்கிய தீர்மானத்தை அதன் பங்குதாரர்கள் 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் தோற்கடித்தார்கள். இந்தப் பின்வாங்கலில் முழக்கங்களும் பிற்பகல் வகுப்புகளும் போனால் நான் பெரிதாக வருந்த மாட்டேன். அவை செய்ததும் குறைவு. சம்பளத் தணிக்கை, எண்களைப் பார்க்கும் குழு, விரிவாக விளம்பரம் செய்து ஆள் தேடுவது, இவற்றில் எதுவும் எந்த வெள்ளை ஆணின் உரிமையையும் பறிப்பதில்லை. எந்தத் தீர்ப்பும் இவற்றைத் தடுக்கவும் இல்லை. அச்சத்தில் இவற்றையும் சேர்த்துத் தூக்கி எறிவதுதான் கேடு. 2025 ஏப்ரலில் வந்த இன்னொரு ஆணை இதைவிடக் கவலை தருகிறது: கிரிக்ஸ் வழக்கு தந்த கோட்பாட்டின்கீழ் அரசு அமைப்புகள் நடவடிக்கை எடுப்பதை அது ஓரங்கட்டச் சொல்கிறது. அந்தக் கோட்பாட்டை 1991இல் நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதிவிட்டதால் தனிநபர்கள் இன்னும் வழக்குப் போடலாம். அதற்கான செலவை எத்தனை தொழிலாளர்களால் தாங்க முடியும்?

தமிழர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இந்தியர்களுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. பிறந்த நாட்டை வைத்து ஆளை அளந்த பழைய முறையை அது ஒழித்தது. குடிமை உரிமைப் போராட்டம் உண்டாக்கிய அதே அலையில்தான் அதுவும் வந்தது. சென்னையில் வளர்ந்த இந்திரா நூயி 2006இல் பெப்சிகோவின் தலைவரானதற்கும், சுந்தர் பிச்சை 2015இல் கூகுளின் தலைவரானதற்கும் அவர்களின் திறமையோடு, தடியடி வாங்கிய கறுப்பின மக்களின் போராட்டமும் காரணம். இந்த நன்றியை நம்மவர்கள் போதுமான அளவு சொல்லிக் கேட்டதில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க நிறுவனத் தலைமையில் கிழக்காசியர்கள் பின்தங்கியிருக்க, தெற்காசியர்கள் அப்படி இல்லை என்று காட்டியது. அதாவது இன்று பல இடங்களில் ஆள் எடுக்கும் நாற்காலியில் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

அந்த நாற்காலியோடு ஊரிலிருந்து கொண்டுபோன சாதியும் போயிருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டதாகக் கலிஃபோர்னியா அரசுத் துறை 2020இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. மேற்பார்வையாளர்கள் இருவர்மீதான வழக்கை 2023இல் அரசே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை ஆளுநர் கேவின் நியூசம், இருக்கும் சட்டங்களே போதும் என்று திருப்பியனுப்பினார். போதுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நிறுவனங்கள் ஆண்டுதோறும் நிரப்பும் படிவத்தில் இனத்துக்கு ஏழு கட்டங்கள் இருக்கின்றன. நாமெல்லோரும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறோம். அதற்குள் யார் யாரை எடுக்கிறார்கள், யார் முதல் படியிலேயே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க இன்றைக்கு எந்த வழியும் இல்லை. அந்த எண்ணிக்கையை ரகசியம் காத்து, ஊழியரின் விருப்பத்தோடு சேகரிக்கச் சொல்லி முதலில் கேட்க வேண்டியவர்கள், அந்த நிறுவனங்களில் மேலாளர்களாக இருக்கும் தமிழர்கள்.